தட்டில் ஒரு அட்டை கிடந்தது

சன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிடட்டா தாயி? பஸ்ஸு கிளம்புனா எனக்குத் தலை சுத்தும். ஆமா, அப்படிக் கொஞ்சம் ஒதுங்குங்க. பூவ நசுக்கிறாதீய, மடியில வச்சுக்கிடுங்க. எந்த ஊருக்குப் போறீய? ஆனந்தவிளைக்கா? அட, எங்க ஊருல்லா! யாரு வீட்டுக்கு? மளிகைக்கடை சுடலைமுத்து வீட்டுக்கா? மகளக் கட்டிக் கொடுத்திருக்கீயளா? தங்கமான பையன். நேத்துக்கூட மெழுகுவத்தி வாங்க அவன் கடைக்குத்தான் போனேன்.

நான் அங்க கோயில்ல வேல பாக்கேன். உங்க கோயில் இல்ல, நெத்தியில திருநீறு இருக்கதப் பாத்தாலே தெரியுதே. எங்க வேதக்கோயில். பேரு யோவன்னாள். கூட்டுவேன், விளக்குப் போடுவேன், மணி அடிப்பேன், காலைல அஞ்சு மணிக்குக் கதவத் தொறப்பேன். இடுப்புல என்னன்னு பாக்கீயளா? சாவிதான். ஒரு சாண் நீளம். வெள்ளக்காரன் காலத்துப் பூட்டு, இன்னும் அதேதான் கெடக்கு. இருபத்தாறு வருஷமா இந்தச் சாவி என் இடுப்ப விட்டு எறங்குனதில்ல. ஒருத்தர் கையிலயும் கொடுத்ததில்ல. குளிக்கப் போனாக்கூட கழுத்துல மாட்டிக்கிடுவேன்.

இன்னைக்கு ஆறு மணிக்கு ஆயத்த ஆராதனை. அப்படின்னா, புதுவருஷத்தன்னைக்கு அப்பமும் ரசமும் வாங்குத திருவிருந்து எடுக்கணும்லா, அதுக்கு முன்னால மனசச் சுத்தம் பண்ணிக்கிடுததுக்கு ஒரு கூட்டம். அவனவன் செஞ்ச பாவத்த மனசுக்குள்ள சொல்லி அறிக்கை பண்ணணும். அஞ்சு மணிக்குள்ள நம்மள எறக்கி விட்டுருவான்லா இந்த டிரைவரு? கதவு தொறக்காட்டா சனம் வெளியே நிக்கும். அது எங்க குடும்பத்துக்கு ஆகாது தாயி. வேற யாரு வீட்டுப் பிள்ளை மறந்தாலும் மறதின்னு சொல்லுவாக. நான் மறந்தா ரத்தம்னு சொல்லுவாக.

ஏன்னு கேக்கீயளா? எங்க வீட்டுக்குப் பேரே பூட்டுக்காரன் வீடு. உங்க சம்பந்தியக் கேட்டாலும் சொல்லுவாக.

எங்கய்யா ஏசுவடியான்தான் அந்தக் காலத்துல கோயில் வேல பாத்தது. பேரப் பாத்தீயளா, இயேசுவுக்கு அடியான்! செஞ்ச வேலையக் கேளுங்க. ஒரு கிறிஸ்துமஸ் காலைல, ஊரே புதுத்துணி உடுத்திக்கிட்டு வந்து நிக்கு, ஐயரு அங்கி போட்டுட்டு வந்து நிக்காக. எங்கள்ல போதகர ஐயருன்னுதான் சொல்லுவோம். எங்கய்யா கதவப் பூட்டிட்டு, சாவிய இடுப்புல செருகிக்கிட்டு, நடையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. எதுக்குன்னா, செருப்புத் தைக்கிற குடும்பம் ஒண்ணு புதுசா ஞானஸ்நானம் எடுத்திருந்துச்சாம். அவுகள உள்ள பாயில உக்காரக் கூடாது, வெளி வராந்தாவுல உக்காந்தாப் போதும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாகளாம். அதுக்கு இவரு, "அவுகளுக்குத் தொறக்காத கதவு உங்களுக்கும் தொறக்காது"ன்னுட்டாரு. என்ன திமிரு பாருங்க! பத்து மணிக்குப் பூட்ட ஒடைச்சு உள்ள போயித்தான் பாட்டுப் பாடியிருக்காக. ஒடைச்சதக் கொல்லன்ட்ட கொடுத்துச் சரி பண்ணுனதுதான் இந்தப் பூட்டு.

அதோட எங்கள சபைக்கு வெளிய தள்ளிட்டாக. எங்கய்யா கடைசி வரைக்கும் மன்னிப்புக் கேக்கல. செத்த பெறகு கல்லறைத் தோட்டத்துல எடம் கெடையாதுன்னுட்டாக, எங்க விளையில பனைமரத்தடியிலதான் பொதைச்சோம். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. தம்பி வேதமணிக்கு ஏழு. அவன் குழி வெட்டுத எடத்துல நின்னுக்கிட்டு, "எதுக்குக்கா மணி அடிக்கல?"ன்னு கேட்டான். நான் அவன் வாயப் பொத்துனேன். அன்னைக்கே மனசுல நெனச்சேன், இந்தப் பேர நான் அழிச்சே தீருவேன்னு.

அழிச்சேனா இல்லையா, நீங்களே சொல்லுங்க. பூட்டுனவன் மக இருபத்தாறு வருஷமாத் தொறக்கேன். ஒரு நாள் தவறுனதில்ல. காய்ச்சல்னாலும் தொறந்துருவேன். என் மகளுக்குப் பேறுகாலம் பாக்கக்கூட மதியத்துக்கு மேலதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இப்ப எங்கருந்து வாறேன்னா, தூத்துக்குடியில தம்பி வீட்டுக்குத் துக்கம் கேட்டுட்டு வாறேன். ஆமா, அதே வேதமணிதான். எறந்துட்டான். எப்பன்னு கேக்கீயளா... அது ஆச்சு. பங்குனியில.

என்ன அப்படிப் பாக்கீய? பங்குனிக்கும் மார்கழிக்கும் ஒம்பது மாசம்னு எனக்கும் எண்ணத் தெரியும் தாயி. சேதி வந்தது பெரிய வியாழன் அன்னைக்கு. மறுநாள் பெரிய வெள்ளி, இயேசுசாமிய சிலுவையில அறைஞ்ச நாளு. மூணு மணி நேரம் ஆராதனை. அதுக்கு மறுநாள் கோயிலக் கழுவணும், அதுக்கு மறுநாள் விடியக்காலம் ஈஸ்டர். சாவிய யாருகிட்ட கொடுக்க? போகல. ஈஸ்டர் முடிஞ்சதும் போவோம்னு இருந்தேன். பெறகு ஊருக்கே சோறு போடுத அசனம் வந்துச்சு. பெறகு வெள்ளையடிப்பு. அப்படியே போயிருச்சு.

அவன் மேல எனக்கு வர்மம் ஒண்ணும் கெடையாது. சத்தியமா இல்ல. ஆனா அவன் செஞ்சது கொஞ்சமா? அய்யா போன பெறகு எங்களத் திரும்பச் சபையில சேத்திருந்தாகல்லா, இவன் பத்தொம்பது வயசுல ஞாயித்துக்கிழமை நடுக்கோயில்ல எந்திரிச்சு நின்னு, "ஐயரே, எங்கய்யா செஞ்சது எந்தக் கற்பனைக்கு விரோதம்? பத்துல எத்தனாவது? சொல்லும்"னு கேட்டான். சாமி கொடுத்த பத்துக் கட்டளையத்தான் எங்கள்ல கற்பனைன்னு சொல்லுவோம். அவரு மூக்குக்கண்ணாடியத் தொடைக்காரு, தொடைக்காரு, தொடைச்சுக்கிட்டே நிக்காரு. பெறகு கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போயி, சாமியே இல்லன்னு மேடையில பேசுனான். நல்லாப் பேசுவான்னு சொல்லுவாக. நான் கேட்டதில்ல.

எங்க வீட்டுக்காரரும் அதே கோயில் வேலதான் பாத்தாரு. அவரு தவறுனதும் அந்த வேலைய எனக்குத் தாங்கன்னு எழுதிக் கொடுத்தேன். அந்த வாரம் பாத்து இவன் எங்க ஊரு பஜார்லயே மேடை போட்டுட்டான். கமிட்டியில கொதிச்சுட்டாக. "பூட்டுக்காரன் மககிட்டயா சாவி? அவ தம்பி மேடையில பேசுத பேச்சக் கேட்டீயளா?" ஆறு மாசம் இழுத்தடிச்சாக. கடைசியில பொருளாளர் சொன்னாக, "சபைக்கு முன்னால நின்னு ஒரு வார்த்த சொல்லிரு யோவன்னா, முடிச்சு விடுதேன்." சொன்னேன். வேதமணிக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னு சொன்னேன். மூணு தடவ சொன்னேன் தாயி. பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கல, கேக்கலன்னு சொல்லி மூணு தடவ சொல்ல வச்சுட்டாக. சொன்ன பெறகு சாவியக் கையில தந்தாக.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு கொடுங்க.

இப்ப நான் சொல்லப்போறது இந்த வருஷம் சனவரி ஒண்ணாந்தேதி நடந்தது. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு. புதுவருஷ ஆராதனை முடிஞ்சதும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பாக. ஒரு பெரிய தட்டுல சின்னச் சின்ன அட்டையா கவுத்துப் போட்டிருக்கும். ஒவ்வொண்ணுலயும் வேதத்துல இருந்து ஒரு வசனம், கீழ வருஷம் போட்டிருக்கும். இந்த வருஷம் உனக்கு நான் இதச் செய்வேன்னு ஆண்டவர் வாக்குக் கொடுக்கது. கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். எடுத்தா அதுதான் உனக்கு. அத பீரோக் கதவுல ஒட்டி வச்சு, வருஷம் முச்சூடும் பாத்துக்கிடுவாக. முன்னால ஐயரு ஒரு தட்டு வச்சுக்கிட்டு நிப்பாக. எந்திரிச்சுப் போக முடியாத கெழடு கெட்டைகளுக்கும், வராந்தாவுல உக்காந்திருக்கவுகளுக்கும் நான் ஒரு தட்டு கொண்டு போவேன்.

அன்னைக்கு விடியக்காலம் நான் கதவத் தொறக்கப் போறப்பவே அவன் வேப்பமரத்தடியில நின்னான். முப்பது வருஷமாக் கோயில் வாசல மிதிக்காத பய. கறுப்புச் சட்டை இல்ல, வெள்ளச் சட்டை. ஆளு பாதியா இத்துப் போயிருந்தான். குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன்.

"எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதாங்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. உள்ள வரல. வராந்தாவுல போயி உக்காந்தான். அந்தக் காலத்துல செருப்புத் தைக்கிறவுகள உக்கார வச்சாகளே, அந்த எடம். இப்ப அங்கதான் எல்லாரும் செருப்பக் கழட்டிப் போடுதது.

ஆராதனை முடிஞ்சு தட்டு கொண்டு போறேன். ஒவ்வொருத்தரா எடுத்து எடுத்து, தட்டுல ஒண்ணே ஒண்ணு கெடக்கு. கடைசியா இருக்கது இவன். கைய நீட்டுதான். உள்ளங்கைய மேல காட்டி, சின்னப் பிள்ளை மிட்டாய்க்கு நீட்டுத மாதிரி. "எனக்கு ஒண்ணு இருக்காக்கா?"ன்னு கேக்கான்.

பொருளாளர் பாத்துக்கிட்டே நின்னாக தாயி. நான் என்ன செய்ய? சபை முன்னால ஒட்டு இல்லன்னு சொன்னவ. முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன். தட்ட நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அந்த அட்டையப் பெருவிரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அவன் என்னப் பாத்தான். தட்டப் பாத்தான். லேசாச் சிரிச்சான். "சரிக்கா, வாறேன்"னுட்டுப் போயிட்டான். அவன் செருப்புப் போடுதப்பத்தான் கவனிச்சேன், நிக்க முடியாம தூணப் பிடிச்சுக்கிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது.

இல்ல. அது பொய்யி. பொருளாளர் பாக்கல. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க எந்தக் கமிட்டி? ஒருத்தரும் பாக்கல. எல்லாரும் முன்னால ஐயருகிட்ட முண்டிக்கிட்டு நின்னாக. வராந்தாவுல அவனும் நானும் செருப்பும்தான். எடுத்துக் கொடுத்திருந்தா ஒரு காக்கா குஞ்சுக்குத் தெரியாது. எனக்கு ஒரு வேகம். முப்பது வருஷம் நீ சாமி இல்லன்னு ஆடிட்டு, இன்னைக்கு வந்து கைய நீட்டுனா ஒடனே கெடைக்கணுமோ? நான் மூணு தடவ சொன்னேனே, எனக்கு என்ன மிஞ்சுச்சு? அந்த வேகம்தான். தட்டு ஆண்டவருது. கை என்னோடது.

அந்த அட்டைய நான் எடுத்துக்கிடல. என்னோடது இல்லலா. திருப்பிப் போடவும் மனசு வரல. கோயில் உள்ளறையில மெழுகுவத்திப் பெட்டிக்குள்ள வச்சேன். வத்தி எடுக்கப் போறப்பல்லாம் அது கெடக்கும். பெரிய வெள்ளிக்கும் கெடந்துச்சு. என்ன வசனம்னு நான் திருப்பிப் பாத்ததில்ல. ஒவ்வொரு மாசமும் திருவிருந்துக்கு முழங்கால் போட்டேன். அப்பம் வாங்குனேன், இதே கையால.

போன ஞாயிறு வத்திப் பெட்டியத் தொடைக்கையில திடுக்குன்னு ஆயிருச்சு. அட்டையில வருஷம் போட்டிருக்குமே. இன்னும் ஒரு வாரத்துல வருஷம் முடிஞ்சுரும். முடிஞ்சா அந்த வாக்கும் முடிஞ்சுரும்லா? அவனுக்குன்னு ஆண்டவர் கொடுத்த ஒண்ணு, அவன் கைக்குப் போகாமலே காலாவதியாயிரும்லா? நீங்க சிரிக்காதீய. ராத்திரி தூக்கம் இல்ல. அவன் இல்லாட்டா என்ன, அவன் பொண்டாட்டி லீதியாள் கையிலயாவது வருஷத்துக்குள்ள சேத்துரணும்னு இன்னைக்குக் காலைல கதவத் தொறந்து, கூட்டி, பூட்டிட்டுப் புறப்பட்டு வந்தேன்.

வழி முச்சூடும் ஒரு பொய்ய சோடிச்சுக்கிட்டே வந்தேன். தட்டுல விரிச்ச துணிக்கு அடியில சிக்கிக் கெடந்துச்சு, நான் கவனிக்கல, இப்பத்தான் கெடைச்சுச்சுன்னு.

ஒத்த ரூம்பு வீடு. லீதியாள் என்னக் கண்டதும் ஒரு நிமிசம் நின்னா. வைவா, கதவச் சாத்துவான்னு நெனச்சேன். "வாங்க மைனி"ன்னுட்டு, நாற்காலியில கெடந்த துணிய எடுத்துட்டு என்ன உக்கார வச்சா. காப்பி போட்டா. நான் காப்பியக் குடிச்சுக்கிட்டே பொய்யச் சொல்லி அட்டைய நீட்டுனேன். அவ வாங்கிப் பாத்தா. திருப்பிப் பாக்கல, முதுகுப் பக்கத்தத்தான் பாத்தா. பெறகு சொன்னா:

"அவுக அன்னைக்கு வந்து சொன்னாக மைனி. தட்டுல ஒண்ணு கெடந்துச்சு லீதியா, அக்கா பெருவிரலால அமுக்கிப் பிடிச்சிருந்தா. பாவம், ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு அவளுக்குன்னு ஒண்ணு ஒதுக்கி வச்சிருப்பா. நான் இன்னொரு தடவ கேட்டிருந்தா எனக்குத் தந்துட்டு வெறுங்கையா நிப்பா. அதான் கேக்காம வந்துட்டேன்னு."

தாயி, காப்பித் தம்ளரக் கீழ வச்சுட்டேன்.

இன்னும் கேளுங்க. அவனுக்குக் கொடல்ல புத்துநோய். போன மார்கழியிலயே டாக்டர் நாள் சொல்லிட்டாராம். அதுக்குப் பெறகுதான் ஆனந்தவிளைக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னிருக்கான். அட்டைக்கு வரல அவன். "எங்கய்யா பூட்டுன கதவ எங்கக்கா தொறக்கத ஒரு நாளும் பாத்ததில்ல, ஒரு தடவ பாத்துரணும்"னு வந்திருக்கான். அதுக்குத்தான் வேப்பமரத்தடியில இருட்டோட வந்து நின்னிருக்கான். படுக்கையில விழுந்த பெறகும் தெனம் காலைல முழிப்பு வந்ததும், "மணி அஞ்சாச்சா? அக்கா கதவத் தொறந்திருப்பா இந்நேரம்"னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுவானாம். லீதியாள் சொல்லுதா, "சாமின்னு ஒரு வார்த்த அவுக வாயில வரல மைனி. ஆனா இத மட்டும் ஒரு நாள் விடாமச் சொன்னாக. எனக்கு அது ஜெபம் மாதிரிதான் கேட்டுச்சு."

அவன் செத்ததும் ஒரு அஞ்சு மணிக்குத்தானாம்.

பெறகு அவ அந்த அட்டைய என் கையில வச்சு மடக்குனா. "இது உங்களுக்கு உள்ளது. அவுக உங்களுக்குன்னு விட்டுட்டு வந்தது. நான் வாங்கக் கூடாது"ன்னா. சொல்லிட்டு என் பெருவிரலப் பாத்தா. இல்ல, காப்பித் தம்ளரத்தான் பாத்தாளோ என்னமோ. துணிக்கு அடியில சிக்கிக் கெடந்துச்சுன்னு சொன்ன வாயி. அக்கா அமுக்கிப் பிடிச்சிருந்தான்னு அவன் சொல்லிட்டுப் போயிட்டான். அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் இட்லி சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னா. நான் உண்மையச் சொல்ல வாயத் தொறந்தேன். வரல. கோயிலுக்கு நேரமாச்சுன்னுட்டு எந்திரிச்சு ஓடி வந்துட்டேன். சாவிதான் சாக்கு. எனக்கு எப்பவும் சாவிதான் சாக்கு.

இந்தா, இதுதான் அந்த அட்டை. நீங்க கண்ணாடி இல்லாம வாசிப்பீயளா? வேண்டாம், வேண்டாம், திருப்பாதீய. கெட்டது ஒண்ணும் இருக்காது அதுல. வாக்குத்தத்தம்லா, எல்லாம் நல்லதாத்தான் போட்டிருக்கும். அதான் தாயி பயமா இருக்கு. திட்டி எழுதியிருந்தா தைரியமாத் திருப்பிருவேன்.

திருச்செந்தூர் வந்துருச்சா? எம்புட்டு நேரம் நிப்பான்? பத்து நிமிசமா?

அவன்கிட்ட இனிமே சொல்ல முடியாது. அவன் போயிட்டான், நல்லவ அக்கான்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான். இல்ல, எல்லாம் தெரிஞ்சுதான் அப்படி ஒரு கதையக் கட்டி எனக்கு விட்டுட்டுப் போனானோ. எதுவா இருந்தாலும் லீதியாள் இருக்கா. சாயங்காலம் முழங்கால் போட்டு மனசுக்குள்ளயே சொல்லிக்கிடலாம், வருஷா வருஷம் அப்படித்தான் சொன்னேன். அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லாம, அந்த ஆராதனையில நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்கார?

ஏ கண்டக்டரு, தூத்துக்குடி பஸ்ஸு எங்கப்பா நிக்கும்? அந்தக் கடைசியிலயா? சரி.

தாயி, நீங்க நேரா எங்க ஊருக்குத்தான போறீய? பஸ்ஸு கோயிலுக்கு முன்னாலதான் நிக்கும். இந்தா, சாவியப் பிடிங்க. பிடிங்கன்னா. கனமாத்தான் இருக்கும், அது ஒண்ணும் செய்யாது உங்கள. திருநீறா? அதுக்கென்ன, கதவுக்குக் கண்ணா இருக்கு? ரெண்டு சுத்துச் சுத்தணும். மொதச் சுத்துல தொறக்காது, விட்டுறாதீய. கதவ உங்க பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ரெண்டாவது சுத்து. கொல்லன் சரி பண்ணுனதுலருந்து அப்படித்தான். உள்ள வலது கைப் பக்கம் சுவிச்சு இருக்கு.

சனம் வந்துட்டா வழி விடுங்க. ஆனா செருப்புக் கெடக்க எடத்துல நின்னுக்கிட்டு இருக்காதீய, சொல்லிட்டேன். உள்ள போயி பாயில உக்காருங்க. ஃபேனுக்குக் கீழ நல்ல எடமா பாத்து உக்காருங்க. யாரும் எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்காதீய.

யாரு சாவி கொடுத்தான்னு கேப்பாக. யோவன்னாள்னு சொன்னா எந்த யோவன்னாள்னு கேப்பாக, ஊருல மூணு பேரு இருக்கோம். பூட்டுக்காரன் மக கொடுத்துவிட்டாள்னு சொல்லுங்க. எல்லாருக்கும் தெரியும்.